காரணமில்லாமல்

பத்துக் கேள்விகளும் முடிந்து நான் பேனாவை மூடியதும் அந்தப் பெண் கேட்டாள்: "நான் பாஸாக்கா?"

சிரித்துவிட்டேன். "இதுல பாஸ், ஃபெயில்லாம் இல்லம்மா. நல்லாத்தான் இருக்க" என்றேன். அவளும் சிரித்தாள். அவள் மடியில் 45 நாள் பெண் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. வாசலில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அன்றைக்கு இன்னும் நான்கு வீடுகள் பாக்கி இருந்தன.

"நல்லாத்தான் இருக்க" என்று சொல்ல எனக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள் என்ற கேள்வி எனக்கு உறைக்க ஐந்து வாரம் ஆனது.

உளவியலில் முதுகலை முடித்த கையோடு ஓர் ஆய்வுத் திட்டத்தில் களப்பணியாளராகச் சேர்ந்திருந்தேன். விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களில், பிரசவமாகி ஆறு வாரம் கடந்த பெண்களின் மனநிலையை அறிவது எங்கள் வேலை. கையில் இருந்த கருவி எடின்பரோ அளவுகோல். ஜான் காக்ஸ், ஜெனிஃபர் ஹோல்டன், ரூத் சகோவ்ஸ்கி என்ற மூவர் ஸ்காட்லாந்தில் உருவாக்கி 1987-இல் வெளியிட்டது. பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வைக் கண்டுபிடிக்க உலகம் முழுக்க இதைத்தான் அதிகம் பயன்படுத்துகிறார்கள். பத்தே கேள்விகள். கடந்த ஏழு நாட்களில் எப்படி இருந்தீர்கள் என்று கேட்கும். ஒவ்வொன்றுக்கும் நான்கு பதில்கள், 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 30. இது நோயை உறுதிசெய்யும் சோதனை கிடையாது. ஒரு சல்லடை, அவ்வளவுதான். யாரை மருத்துவர் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேச வேண்டும் என்று பிரித்துக் காட்டும்.

இந்தக் கருவியை உருவாக்கியவர்கள் புத்திசாலித்தனமான ஒரு காரியம் செய்திருந்தார்கள். பொதுவான மனச்சோர்வுக் கேள்வித்தாள்களில் அசதியாக இருக்கிறதா, பசிக்கிறதா என்றெல்லாம் இருக்கும். பச்சைக் குழந்தையை வைத்திருக்கிற எந்தப் பெண்தான் அசதியாக இல்லை? அதனால் உடம்பு சம்பந்தப்பட்ட கேள்விகளை அவர்கள் விலக்கிவிட்டார்கள். தூக்கம் வரவில்லையா என்று கேட்கும் இடத்தில்கூட, வருத்தத்தால் தூக்கம் வரவில்லையா என்றுதான் இருக்கும். ஒரு கேள்வித்தாளில் எதைக் கேட்கிறோம் என்பதைவிட எதைக் கேட்காமல் விடுகிறோம் என்பதில்தான் அதைச் செய்தவரின் அனுபவம் தெரியும் என்று எங்கள் வழிகாட்டி சொல்வார்.

தமிழில் இதன் வடிவங்கள் ஏற்கெனவே உண்டு. ஆனாலும் பயிற்சிக்காக ஆங்கில மூலத்தை எங்களையே மொழிபெயர்க்கச் சொன்னார். பிறகு எல்லாவற்றையும் ஒப்பிட்டு, அந்தப் பகுதிப் பேச்சுக்கு ஏற்றபடி ஒரு படிவத்தை நாங்களே இறுதிசெய்தோம். இனி நான் சொல்லப்போகும் குறைகள் அந்தப் படிவத்தின் குறைகள். அதில் என் கையும் உண்டு.

இந்த வேலைக்கு ஒரு முறை இருக்கிறது. ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு பரவலானது. ஒருவர் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவருவார். மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அந்தத் தமிழை மறுபடி ஆங்கிலமாக்குவார். இரண்டு ஆங்கிலத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து எங்கே பிசகியிருக்கிறது என்று தேடுவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. இரண்டு பேருமே எங்களை மாதிரி ஆங்கிலத்தில் படித்தவர்கள். ஆங்கில வாக்கியத்துக்குப் புடவை கட்டிவிட்ட மாதிரி ஒரு தமிழை ஒருவர் எழுதினால், இன்னொருவர் அந்தப் புடவையை உருவிவிட்டு உள்ளே இருந்த ஆங்கிலத்தை அப்படியே எடுத்துக் கொடுத்துவிடுவார். தமிழ் எவ்வளவு மோசமோ அவ்வளவு கச்சிதமாக ஆங்கிலம் திரும்பி வரும்.

ஆறாவது கேள்வியில் இதைப் பார்த்தோம். வேலைகளும் பிரச்சினைகளும் தன்னை மீறிப் போகின்றன என்ற பொருளில் அங்கே ஓர் ஆங்கில மரபுத்தொடர் இருக்கிறது. சொல்லுக்குச் சொல் போட்டால் 'எல்லாம் என் மேல் ஏறிக்கொண்டிருக்கிறது' என்று வரும். வேண்டுமென்றே அதை அப்படியே எழுதி, முன்னோட்டத்தில் ஒரு பாட்டியிடம் படித்துக் காட்டினோம். "நான் என்ன கேட்டேன்னு உங்க வார்த்தையில திருப்பிச் சொல்லுங்க பாட்டி" என்றேன். அவர் கொஞ்சம் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "மேல ஏறுதான்னு கேக்குற. எனக்கு சாமிலாம் வராதும்மா. என் நாத்தனாருக்குத்தான் ஆடி மாசம் வரும்."

இந்தத் 'திருப்பிச் சொல்லச் சொல்வது'தான் நான் கற்றுக்கொண்ட முறைகளிலேயே மிக எளிமையானது, மிகவும் உபயோகமானது. பதிலைக் கேட்பதற்கு முன், கேள்வி என்னவாகப் போய்ச் சேர்ந்தது என்று கேட்பது. ஹாஸ்டலில் என் அறைத்தோழி வேறோர் அளவுகோலை வைத்து வேலைசெய்தாள். லெனோர் ராட்லாஃப் 1977-இல் வெளியிட்ட 20 கேள்விகள் கொண்டது. அதில், செய்கிற ஒவ்வொரு காரியமும் பெரும்பாடாக இருந்தது என்ற பொருளில் ஒரு வரி. ஆங்கிலச் சொல்லைப் பார்த்து அவள் 'முயற்சி' என்று போட்டுவிட்டாள். 'நான் செய்ததெல்லாம் முயற்சியாகவே இருந்தது.' கல்லூரி மாணவர்கள் பெருமையோடு 'எப்போதும்' என்று குறித்துக் கொடுத்தார்கள். முயற்சி நமக்குத் திருவினையாக்கும் சமாச்சாரம் அல்லவா? நன்றாகப் படிக்கிற, தெம்பாக இருக்கிற பையன்களெல்லாம் மனச்சோர்வுக் கணக்கில் மதிப்பெண் ஏறி நின்றார்கள். மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் அவளுக்குப் புரிந்தது.

சொற்களைச் சரிசெய்தாலும் அடுத்து பதில்கள் இருக்கின்றன. ரென்சிஸ் லிக்கர்ட் 1932-இல் மனப்பான்மைகளை அளக்க ஒரு வழி சொன்னார். ஒரு கூற்றைக் கொடுத்து, முழுக்க ஏற்கிறேன் என்பதிலிருந்து முழுக்க மறுக்கிறேன் என்பதுவரை படிப்படியாகப் பதில்களை வைத்து, ஒவ்வொரு படிக்கும் ஓர் எண் கொடுத்துக் கூட்டுவது. இன்று சாப்பாடு டெலிவரி செய்தவருக்கு நட்சத்திரம் போடுவதுவரை அந்தப் படிக்கட்டின் சாயல்தான். ஆனால் நம் ஊரில் எல்லாப் படிகளுக்கும் பொதுவாக ஒரு பதில் இருக்கிறது: "பரவால்ல." மகன் இறந்த வீட்டிலும் பரவால்ல, மகளுக்கு வேலை கிடைத்த வீட்டிலும் பரவால்ல. அதற்கு 1 போடுவதா, 2 போடுவதா? திரும்பவும் நான்கு பதில்களையும் படித்துக் காட்டினால், நாம் கடைசியாகச் சொன்னதைப் பிடித்துக்கொள்வார்கள், அல்லது நம் முகத்தைப் பார்ப்பார்கள். நம் முகத்தில் எந்தப் பதில் எழுதியிருக்கிறதோ அதைச் சொல்வார்கள்.

அதோடு, எடின்பரோ கேள்வித்தாள் தாயே தனியாகப் படித்து, யாரோடும் கலந்து பேசாமல் குறிக்க வேண்டும் என்ற எண்ணத்தில் செய்யப்பட்டது. எங்கள் களத்தில் படிக்கத் தெரிந்த பெண்களும் "நீங்களே படிங்கக்கா, கைல கொழந்த" என்பார்கள். தனிமை என்பது கிடையவே கிடையாது. முதல் கேள்வி இதுதான்: 'எந்தத் திட்டத்துக்கு எழுதுறாங்க?' பணம் வருமா, வீடு வருமா, ரேஷன் கார்டை வெட்டுவார்களா? திட்டம் எதுவும் இல்லை என்று நம்பவைப்பதற்குள் தாய், பெரியம்மா, பக்கத்து வீட்டு அக்கா, இரண்டு பொடியன்கள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். என்னோடு வந்த மூத்த களப்பணியாளர் ஒரு தந்திரம் சொல்லிக்கொடுத்தார். "தண்ணி கேட்டா ரெண்டு நிமிஷம் கெடைக்கும். டீக்கு ஒத்துக்கிட்டா பத்து நிமிஷம். எந்தக் கேள்விக்கு எது வேணும்னு பாத்துக்க." ஒரு நாளைக்கு ஆறு டீ குடித்திருக்கிறேன்.

'நான் பாஸா' என்று கேட்ட பெண்ணின் வீட்டிலும் டீக்கு ஒத்துக்கொண்டேன். முதல் பிரசவம், தாய்வீட்டில் இருந்தாள். அம்மா அடுப்பங்கரைக்குப் போனதும் மூன்றாவது கேள்விக்கு வந்தேன். காரியங்கள் தவறாகப் போகும்போது தேவையில்லாமல் உங்களையே குற்றம் சொல்லிக்கொள்கிறீர்களா என்று வரும்.

அவள் யோசித்தாள். "தேவையில்லாமலா?"

"ஆமா."

"தேவையில்லாம இல்லக்கா. எனக்குப் பால் பத்தல. பாப்பா எடையே ஏற மாட்டேங்குது. தப்பு என்னுதுதான?"

கேள்வியை மறுபடி படித்தேன். விளக்கம் சொல்லக் கூடாது, எழுதியிருப்பதை அப்படியே படிக்க வேண்டும் என்பது எங்கள் விதி. நான் விளக்கினால் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு கேள்வி ஆகிவிடும். அவள், "தேவையில்லாமல்லாம் இல்ல" என்றாள். 'இல்லவே இல்லை' என்ற பதிலைக் குறித்தேன். மதிப்பெண் 0.

நான்காவது கேள்வி: சரியான காரணம் இல்லாமல் கவலையாகவோ பதற்றமாகவோ இருந்தீர்களா?

"காரணம் இருக்கேக்கா. பொண்ணு பொறந்துச்சுன்னு அவரு இன்னும் வந்தே பாக்கல." குரலைத் தாழ்த்திச் சொன்னாள். நான் மறுபடி படித்தேன். "காரணம் இல்லாமலா? அப்படி இல்ல." 0.

ஐந்தாவதும் அதே மாதிரி, காரணம் இல்லாமல் பயம் வந்ததா என்று கேட்கும். அதற்கும் 0. தூக்கம், வருத்தம், அழுகை பற்றிய கேள்விகளுக்கு 1, 2 என்று கொஞ்சம் ஏறியது. பத்தாவது கேள்வி, தன்னைத் தானே ஏதாவது செய்துகொள்ளலாம் என்ற எண்ணம் வந்ததா என்பது. அதைப் படிக்கத் தொடங்கும்போது அம்மா டீ டம்ளரோடு வந்து நின்றார். "அய்யோ, அதெல்லாம் இல்ல" என்றாள் வேகமாக. மொத்தம் 8. எங்கள் ஆய்வில் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரிடம் அனுப்புவோம். பத்தாவது கேள்விக்கு 0 தவிர எது வந்தாலும், மொத்தம் என்னவாக இருந்தாலும் அனுப்புவோம். அவள் இரண்டிலும் சேரவில்லை. நல்லாத்தான் இருக்கிறாள்.

ஐந்து வாரம் கழித்து, அலுவலகத்தில் படிவங்களைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். ஒரு வரிசைக்குப் பத்து எண்கள், தட்டிக்கொண்டே போக வேண்டியது. அவளுடைய படிவத்தின் ஓரத்தில் பென்சிலால் என் கையெழுத்தில், 'தப்பு என்னுதுதான?' என்று இருந்தது. ஏன் எழுதினேன் என்று நினைவில்லை. அதன் எதிரே 0.

கையை எடுத்துவிட்டேன். அந்தக் கேள்விக்கு 3 வாங்க வேண்டும் என்றால், அவள் தன்னைக் குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டும். கூடவே அந்தக் குற்றச்சாட்டு தேவையில்லாதது என்றும் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பாதிக் குணமானவளால்தான் அப்படிச் சொல்ல முடியும். தப்பு முழுக்கத் தன்னுடையதுதான் என்று உறுதியாக நம்புகிறவள், 'தேவையில்லாமல் இல்லை' என்பாள். அவளுக்கு நாங்கள் 0 போடுவோம். நோய் எவ்வளவு ஆழமாகப் போயிருக்கிறதோ அவ்வளவு குறைவான மதிப்பெண். 'காரணமில்லாமல்' என்ற சொல்லும் அப்படித்தான். கணவன் குழந்தையை வந்து பார்க்கவில்லை என்பது காரணமா, இல்லையா? வேலூர் அருகே கிராமங்களில் நடந்த ஓர் ஆய்வு 2002-இல் வெளியானது. ஆண் குழந்தையை எதிர்பார்த்திருக்கையில் பெண் பிறப்பது, மாமியாரோடு உறவு சரியில்லாதது, வீட்டில் ஒத்தாசைக்கு ஆள் இல்லாதது, வறுமை என்று மனச்சோர்வோடு சேர்ந்து வருகிற விஷயங்களை அதில் வரிசையாகச் சொல்லியிருந்தார்கள். நான் படித்திருந்தேன், தேர்வில்கூட எழுதியிருந்தேன். எல்லாமே காரணங்கள். காரணங்களால்தான் வருகிறது என்று ஒரு கையில் படித்துவிட்டு, காரணம் இல்லாமல் வந்ததா என்று மறு கையில் கேட்டிருக்கிறேன்.

வழிகாட்டியிடம் ஓடினேன். படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த வார்த்தையை எடுத்துட்டா என்ன சார்?" என்றேன்.

"எடுக்கலாம். எடுத்த நிமிஷத்துலேர்ந்து அது வேற அளவுகோல். நம்ம 10-ஐயும் மத்தவங்க 10-ஐயும் ஒப்பிட முடியாது. மறுபடி முதல்லேர்ந்து சோதிக்கணும். வேணாம்னு சொல்லல. என்ன விலைன்னு தெரிஞ்சு எடு."

"அப்ப இந்தப் பொண்ணோட மார்க்?"

"அதைத் தொடக் கூடாது" என்றார். பிறகு, "பொண்ணப் போய்ப் பாரு" என்றார்.

தேவைப்பட்டால் மறுபடி தொடர்புகொள்வோம் என்று ஒப்புதல் படிவத்தில் ஒரு வரி இருந்தது. மறுநாளே போனேன். மூன்றாம் மாதம் பிறந்துவிட்டது, புகுந்த வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டோம் என்றார் அவள் அம்மா. எனக்கு மறுபடி டீ போட்டுக் கொடுத்தார். "ஒண்ணும் பிரச்சினை இல்லையேம்மா?" என்று இரண்டு முறை கேட்டார். நான் என்ன சொன்னேன் என்று இப்போது யோசித்தால், பரவால்ல என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

அந்தப் பகுதிக் கிராம சுகாதார செவிலியர், புகுந்த வீடு இருந்த ஊரின் செவிலியரிடம் பேசினார். தடுப்பூசிக் கணக்கைச் சாக்காக வைத்து அந்தச் செவிலியர் போய்ப் பார்த்தார். இரண்டு நாள் கழித்து எனக்குப் போன் வந்தது.

"பொண்ணு முகமே சரியில்ல மேடம். ஆனா என்ன சொல்லுது தெரியுமா? எனக்கு ஒண்ணுமில்ல சிஸ்டர், ஃபாரம் எழுத வந்த அக்காவே நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லிட்டாங்க, அப்புறம் என்னங்குது."

போனை வைத்த பிறகு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பதில்கள் ஏற்கெனவே மனிதர்களுக்குள் இருக்கின்றன, நாம் போய் வாங்கி வருகிறோம் என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டிருந்தது. ஃபிரான்சிஸ் கால்டன் அறிவியலாளர்கள் பலருக்கும் ஒரு கேள்வித்தாள் அனுப்பி, 1880-இல் அதைப் பற்றி எழுதினார். காலையில் உட்கார்ந்த சாப்பாட்டு மேஜையை மனக்கண்ணில் கொண்டுவந்து பாருங்கள், மங்கலாக இருக்கிறதா, தெளிவாக இருக்கிறதா? எட்டிப் பார்த்துவிட்டு வந்து எழுத வேண்டியதுதானே என்று அவர் நினைத்திருக்கலாம். பலர், மனக்கண் என்பது ஒரு பேச்சுக்குச் சொல்வது என்றல்லவா இருந்தோம் என்று பதில் எழுதினார்கள். அந்தக் கனவான்களுக்குக் கேள்வியால் எந்தச் சேதமும் இல்லை, புதிதாக ஒன்று தெரிந்துகொண்டார்கள். என் கேள்வி அப்படிப் போகவில்லை. நான் போகும்வரை அவளிடம் ஒரு சந்தேகம் இருந்திருக்கிறது. 'நான் பாஸா' என்று கேட்டது அந்தச் சந்தேகம்தான். பத்துக் கேள்விகளையும் ஒரு சிரிப்பையும் வைத்து அதை அடைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

செவிலியர் விடவில்லை. மறுபடி இரண்டு முறை போனார். அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் பார்க்கிற நாளில் மாமியாரையும் சேர்த்துக் கூட்டிப்போனார். அவள் பேசினாள், மருத்துவர் கேட்டார், அடுத்து வரச் சொல்லியிருக்கிறார். அதுவரைதான் எனக்குச் சொன்னார்கள். அதற்கு மேல் தெரிந்துகொள்ள எனக்கு உரிமை இல்லை. கேட்கவும் இல்லை.

ஆய்வு முடிந்தது. அந்த வரிசையில் அவளுடைய 8, 8 ஆகவே இருக்கிறது. இருந்தாக வேண்டும். எனக்கு மனசு கேட்கவில்லை என்பதற்காக 14 என்று மாற்றினால், அடுத்து வேறொருவர் வேறொரு காரணத்துக்காக மாற்றுவார். ஆய்வின் குறைபாடுகள் பகுதியில் அந்தச் சொற்களைப் பற்றி இரண்டு வாக்கியம் சேர்த்தோம். எழுதியது நான்.

இப்போது நான் கேள்வித்தாள்கள் தயாரிக்கும் வேலையில்தான் இருக்கிறேன். விட்டுவிட்டுப் போய்விடவில்லை. பத்துக் கேள்விகளும் 30 மதிப்பெண்ணும் இல்லையென்றால் அந்தக் கிராமங்களுக்கு எங்களை யாரும் அனுப்பியிருக்க மாட்டார்கள், செவிலியருக்குப் போன் போட ஒரு வழியும் இருந்திருக்காது. யாருமே கேட்காமல் இருப்பது இதைவிட மோசம். ஆனால் புதிதாக ஒரு படிவம் வந்தால் 'தேவையில்லாமல்', 'காரணமில்லாமல்', 'அளவுக்கு மீறி' போன்ற சொற்களை முதலில் தேடுகிறேன். பதில் சொல்கிறவர் தன்னைப் பற்றிய தீர்ப்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிற இடங்கள் அவை. மாற்ற முடிந்தால் மாற்றுகிறேன். மாற்ற முடியாத அளவுகோல் என்றால், ஒவ்வொரு கேள்விக்குப் பக்கத்திலும் இரண்டு விரல் அகலத்துக்கு வெற்றிடம் விடச் சொல்கிறேன். அச்சடிப்பவர் காகிதம் வீணாகிறது என்கிறார்.

களத்துக்குப் போகும் பெண்களிடம், எண்களைக் கூட்டுவதற்கு முன்னால் அந்த ஓரத்தைப் படித்துவிட்டு, அன்றைக்கே என்னைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். யாராவது "நான் பாஸா?" என்று கேட்டால் என்ன சொல்வது என்று போன மாதம் ஒரு பெண் கேட்டாள். என்னிடம் தயாரான பதில் இல்லை. "ஏன் அப்படிக் கேக்குறீங்கன்னு கேளு" என்றேன். "கேட்டுட்டு, இன்னொரு டீ குடி."